காலி நிரையை யாருக்குக் கொடுப்பது? அலை தேடிப் பிடிக்கும் கம்பியில்லா இணையம்

கோலாலம்பூரிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூருக்குக் கார் ஓட்டி வருபவர்களுக்கு இது பழகிப்போன வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் 96.3-ல் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த மின்னல் எஃப்எம், தெற்கே இறங்க இறங்கக் கரகரக்கும். வேறு எண்ணுக்கு மாற்றினால் அதே பாட்டு, அதே அறிவிப்பாளர். ஜொகூர் பாருவை நெருங்கினால் சிங்கப்பூரின் ஒலி 96.8-ம் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஒரே வானொலி ஊருக்கு ஊர் ஏன் எண்ணை மாற்றிக்கொள்கிறது? பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் இரண்டும் ஒரே எண்ணில் ஒலிபரப்பினால், நடுவில் இருக்கும் ஊர்களில் இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று மோதி எதுவும் கேட்காமல் போய்விடும். அதனால் இந்த ஊருக்கு ஓர் எண், அடுத்த ஊருக்கு வேறோர் எண் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் பயன்படும் எண், சுற்றியுள்ள ஊர்களில் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. வானொலியில் மட்டுமல்ல, தொலைக்காட்சியிலும் இப்படித்தான். ஓர் ஊரில் நின்று பார்த்தால் அலைகளில் நிரம்பிய இடத்தைவிடக் காலியான இடமே அதிகமாக இருக்கும்.

அந்தக் காலி இடத்தைத் தானே கண்டுபிடித்து, உரியவர் வந்தால் விலகிக்கொண்டு, மீதி நேரத்தில் இணையம் கொடுக்கும் கருவிகள் பற்றியது இந்தக் கட்டுரை. எனக்கு இதில் அக்கறை வந்தது என் பெரியம்மாவால்.

பேச்சு வருது, படம் வரலே

குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பெரியம்மா இருக்கிறார். 2022 ஜனவரியில் ஒருநாள் அழைத்தார். "ஏம்மா, பேசினா நல்லா கேக்குது. வாட்ஸ்அப் மட்டும் வரவே மாட்டேங்குது. பேரப்பிள்ளைக்கு ஸ்கூல்ல குடுக்கிற பாடம் எல்லாம் அதுலதானே வருது?" என்றார். காசு போட்டிருந்தார். கைப்பேசியிலும் பழுதில்லை.

விஷயம் இதுதான். 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் 3ஜி நிறுத்தப்பட்டது. 3ஜி ஓடிக்கொண்டிருந்த அலைகள் 4ஜிக்குக் கைமாறின. பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இதனால் வேகம் கூடியது, நல்லதுதான். பெரியம்மாவிடம் இருந்ததோ 3ஜி கைப்பேசி. அது 2ஜிக்கு இறங்கிவிட்டது. 2ஜியில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும்.

4ஜி கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. லயத்தின் வாசலில் இரண்டு கோடு, அடுப்படிக்குப் போனால் ஒன்றுமில்லை. லயத்தில் லைன் இல்லை என்று எங்கள் வீட்டில் சிரிப்பாகச் சொல்வதுண்டு. பிள்ளையின் பாடத்துக்கு அது சிரிப்பாக இல்லை.

அலைக்கும் கிராண்ட் உண்டு

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லைப் பற்றி ஒரு வரி. "அலைக்கற்றை" என்ற சொல் 2010 வாக்கில் தமிழ்நாட்டில் 2ஜி ஒதுக்கீடு பெரிய அரசியல் விவகாரமானபோதுதான் தேநீர்க் கடை வரைக்கும் வந்தது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பரில் டில்லி சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. சொல் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரையில் அலைக்கற்றை என்றால் ஒரு பெரிய வயல். அலைவரிசை என்றால் அதில் வரப்புக் கட்டிய ஒரு பாத்தி.

நம் நாட்டில் இந்த வயலுக்குக் கணக்குப் பார்ப்பது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், அதாவது எம்சிஎம்சி. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் அலைகளை மூன்று விதமாகக் கொடுக்கச் சொல்கிறது. முதலாவது, நிலத்துக்குக் கிராண்ட் எழுதிக் கொடுப்பது போல, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு துண்டு அலைக்கற்றையை ஒரு நிறுவனத்துக்கே கொடுத்துவிடுவது. இரண்டாவது, இன்ன இடத்தில் இன்ன கருவியை இன்ன அலைவரிசையில் இயக்கலாம் என்று கருவிக்கு அனுமதி கொடுப்பது. மூன்றாவது பொதுத்திடல் மாதிரி. நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் நுழையலாம், தனி அனுமதி வேண்டாம். நம் வீட்டு வைஃபையும் புளூடூத்தும் இந்த மூன்றாவது வகையில்தான் ஓடுகின்றன.

முதல் இரண்டு வகையில் உரிமை ஒருவருக்குப் போய்விடுகிறது. அவர் எல்லா இடத்திலும், எல்லா நேரமும் அதைப் பயன்படுத்துகிறாரா என்பது வேறு விஷயம். ஜொகூர் பாருவில் நெரிசல் தாங்காத ஓர் அலை, கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் சும்மா கிடக்கலாம். கிராண்ட் இருக்கிறது, பயிர் இல்லை.

பெரட்டுக் களத்தில் கேட்டால் தெரியும்

பால்மரக் காலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் அவருடைய நிரை அன்றைக்குக் காலி. மரம் அவருடைய பேரில்தான் இருக்கிறது, ஆனால் பால் வீணாகக் கூடாது. மண்டோர் அதை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பார். மறுநாள் உரியவர் வந்துவிட்டால் மற்றவர் விலகிவிட வேண்டும்.

அலைகளில் இதைச் செய்யும் வானொலிக் கருவியை 1999-ல் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர், சுவீடனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தம் ஆசிரியருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். தமிழில் அதை அறிதிறன் வானொலி என்று சொல்லலாம். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அறிந்து, தன் அலைவரிசையையும் சக்தியையும் தானே மாற்றிக்கொள்ளும் வானொலி அது.

ஆனால் நிரை காலியா என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, தானே நிரைக்குப் போய் எட்டிப் பார்ப்பது. அதாவது அந்த அலைவரிசையில் யாராவது ஒலிபரப்புகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டு, சத்தம் இல்லை என்றால் நுழைவது. மற்றொன்று, கிராணியிடம் போய் செக்ரோலைப் பார்ப்பது. எந்த ஊரில் எந்தக் கோபுரம் எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு இயங்குகிறது என்ற விவரம் எல்லாம் ஒரு கணினிப் பட்டியலில் இருக்கும். கருவி ஜிபிஎஸ் மூலம் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு அந்தப் பட்டியலிடம் கேட்கும். பட்டியல், இந்த இடத்தில் இந்த அலைவரிசைகள் காலி, இவ்வளவு சக்திக்கு மேல் போகாதே, இத்தனை மணி நேரம் கழித்து மறுபடி கேள் என்று பதில் சொல்லும்.

எட்டிப் பார்ப்பதே போதும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேடும் பள்ளமுமான தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் இருக்கும் கருவிக்குத் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலை எட்டவில்லை, மேடு மறைக்கிறது. கருவி அந்த அலைவரிசை காலி என்று முடிவுகட்டித் தன் அலையை அனுப்புகிறது. மேட்டின் உச்சியில் இருக்கும் வீட்டிலோ அதே அலைவரிசையில் யாரோ தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படம் கெட்டுப்போகும். தொலைக்காட்சிப் பெட்டி அலையை வாங்க மட்டுமே செய்யும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று திருப்பி அனுப்பாது. அதனால் யாருக்குக் கெடுதல் செய்கிறோம் என்பதே கருவிக்குத் தெரியாது.

இதனால்தான் அமெரிக்கா 2008-ல் முதல் விதிமுறையைக் கொண்டுவந்தபோது கேட்பது, பட்டியல் இரண்டையும் கட்டாயமாக்கியது. 2010-ல் திருத்தியபோது பட்டியலைக் கேட்டு நடக்கும் கருவிகள் காதுகொடுத்துக் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. கிராணியின் புத்தகம் வென்றது.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் நாம் பிடித்துக்கொண்டு பேசும் கம்பியில்லா மைக்குகளில் பல, தொலைக்காட்சியின் காலி அலைவரிசைகளில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் இந்த விதிமுறை வந்தபோது நாடகக்காரர்களும் தேவாலயங்களும் எங்கள் மைக் என்னாவது என்று கேட்டார்கள். டோலி பார்ட்டன் என்ற புகழ்பெற்ற பாடகி ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார். காலி இடம் என்று நினைக்கும் இடத்தில் ஏற்கெனவே சிலர் சத்தமில்லாமல் குடியிருப்பது அலையிலும் உண்டு.

உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். காதில் மாட்டும் புளூடூத் கருவி 79 அலைவரிசைகளுக்கு நடுவே நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் வைஃபை ஓடினால் அது பிடித்துவைத்திருக்கும் அலைவரிசைகளைக் கண்டறிந்து அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும். 2003-லிருந்து இந்த வசதி உண்டு.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி உண்மையில் ராடார்களுக்கு உரியது. மழைமேகம் பார்க்கும் ராடார்களும் அதில் உண்டு. பல நாடுகளில் அந்தப் பகுதியில் நுழையும் ரௌட்டர் முதலில் ஒரு நிமிடம் சும்மா இருந்து கேட்க வேண்டும். ராடார் துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் வெளியேற வேண்டும், அரை மணி நேரத்துக்குத் திரும்பி வரக் கூடாது. சில வீடுகளில் காரணமே இல்லாமல் வைஃபை ஒரு நிமிடம் அறுந்து மீண்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய கைப்பேசிக் கோபுரங்களிலும் இதன் சாயல் உண்டு. ஒரே அலைக்கற்றையை 4ஜி கைப்பேசிகளுக்கும் 5ஜி கைப்பேசிகளுக்கும் தேவையைப் பார்த்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்கும் கோபுரங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. ஆனால் அங்கே இரண்டு நிரையும் ஒரே முதலாளியுடையது. அடுத்தவர் நிரையில் போய் வெட்டுவதுதான் கஷ்டம்.

தொலைக்காட்சி அலை ஏன் தோட்டத்துக்குப் பொருந்தும்?

அலை நீளமாக இருந்தால் தடைகளைச் சுற்றிக்கொண்டு போகும், இலைகளில் குறைவாக அடிபடும். 600 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சி அலையின் நீளம் அரை மீட்டர். 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை சென்டிமீட்டர்தான். செம்பனை மட்டையின் ஓலைகளில் தண்ணீர்ச் சத்து அதிகம், மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். குட்டை அலைகளை அவை விழுங்கிவிடும். இன்னும் மேலே, 10 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால் போனால் மழைத்துளியே அலையைக் குடித்துவிடும். நம் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லாத் தொடர்பு மையம், வெப்பமண்டல மழை அலைகளை எவ்வளவு தேய்க்கிறது என்பதை அளந்து வந்த இடம். ஐரோப்பாவின் தூறலை வைத்துப் போட்ட கணக்கு ஜொகூரின் மாலைநேரப் பேய்மழைக்குச் சரிப்படாது.

குனோங் பூலாய் மலை உச்சியிலும் குனோங் லேடாங்கிலும் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வைஃபை சுவரைத் தாண்டவே திணறும்போது, அந்த மலைகளிலிருந்து வரும் தொலைக்காட்சி பல பத்துக் கிலோமீட்டர் தாண்டித் தோட்டத்து ஆண்டெனாவுக்கு வந்து சேர்கிறது. சக்தி அதிகம், உயரம் அதிகம் என்பதோடு, நீண்ட அலை என்பதும் காரணம். இந்த அலைகளுக்காகவே 2011-ல் ஓர் அனைத்துலகத் தரம் வெளியானது. ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் நொடிக்குச் சுமார் 20 மெகாபிட் வரை, பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கொண்டு போகலாம் என்பது அதன் கணக்கு. இன்றைய ஃபைபரோடு ஒப்பிட்டால் அற்பம்தான். ஒரு லயத்துக்கு வாட்ஸ்அப்பும் பாடக் காணொளியும் வர இது போதாதா என்பது என் கேள்வி.

மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு பழைய அனலாக் தொலைக்காட்சி முழுவதுமாக நின்றது. அனலாக்கில் ஓர் அலைவரிசைக்கு ஒரே நிகழ்ச்சி. இப்போதைய இலக்கவியல் முறையில் அதே 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அடைக்கலாம். மைஃப்ரீவியூ பெட்டியை ஆண்டெனாவில் செருகியதும் இத்தனை அலைவரிசைகள் வருவது அதனால்தான். அப்படி மிச்சமான இடத்தில் மேற்பகுதி, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை, கைப்பேசிச் சேவைக்குப் போனது. டிஎன்பி என்ற டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தின் 5ஜிக்கு ஒதுக்கப்பட்ட அலைகளில் அதுவும் ஒன்று. கீழே 470 முதல் 694 வரை தொலைக்காட்சிக்கு. எட்டு எட்டாகப் பிரித்தால் 28 பாத்தி. ஓர் ஊரில் அத்தனையும் நிரம்பியிருக்காது.

அக்கரையில் செய்து பார்த்தார்கள்

ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 2012-ல் அரசு ஆய்வு நிலையமும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு முன்னோட்டக் குழு அமைத்தன. 2014-ல் தொலைக்காட்சியின் காலி அலைவரிசைகளைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று, பட்டியல் முறையில், விதிமுறை வந்தது. இதற்கு விதி எழுதிய முதல் சில நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று.

சிங்கப்பூரின் சிக்கலே நாம்தான். அமெரிக்காவின் நடுவில் இருக்கும் கருவிக்கு அண்டை நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. உட்லண்ட்ஸில் ஒரு கருவியை ஏற்றினால் அது ஜொகூர் பாருவுக்கும் கேட்கும், தெற்கே பாத்தாமுக்கும் போகலாம். ஆக, சிங்கப்பூரில் காலி என்று சொல்லும் முன் ஜொகூரில் என்ன ஓடுகிறது என்றும் பார்த்தாக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் இதற்கென்றே ஒரு கூட்டு அலைவரிசைக் குழு இருக்கிறது. ஜொகூர் பாரு வீடுகளில் வசந்தம் தெரிந்ததும், ஒலி 96.8-ஐக் கேட்டுக்கொண்டே இக்கரையில் சமைத்ததும் நம் சொந்த அனுபவம். அலைக்குக் குடிநுழைவுச் சாவடி கிடையாது.

அதன் கசப்பான பக்கமும் நமக்குத் தெரியும். ஸ்டுலாங் கடற்கரைப் பக்கம் நின்றால் கைப்பேசி தானாகவே அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ரோமிங் கட்டணம். அதுவும் ஒருவகையில் தானாகத் தகவமைத்துக்கொள்ளும் அலைதான், பணம் மட்டும் நம்முடையது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கைப்பேசி அமைப்பில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி என்பதிலிருந்து மாற்றி, தங்கள் நிறுவனத்தின் பெயரைத் தொட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பால்கர் கிராமங்கள்

தோட்டத்துக்கு அருகில் வரும் உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில் பழங்குடியினர் வாழும் கிராமங்கள் சில. ஃபைபர் அருகில் ஓரிடம் வரை வந்துவிட்டது, கிராமத்துக்குள் வரவில்லை. மும்பை ஐஐடியில் பேராசிரியர் அபய் கரந்திகர் தலைமையில் ஒரு குழு, காலித் தொலைக்காட்சி அலைகளை நடுவழியாக வைத்து ஏழு கிராமங்களை இணைத்தது. கோபுரத்திலிருந்து கிராமம் வரைக்கும் தொலைக்காட்சி அலை. கிராமத்துக்குள் சாதாரண வைஃபை. மக்கள் புதிய கைப்பேசி வாங்கத் தேவையில்லை. கிராம் மார்க் என்ற அந்தத் திட்டம் 2017-ல் மொசில்லா அமைப்பின் போட்டியில் முதல் பரிசு பெற்றது.

அதே ஐஐடிக் குழு 2014-ல் இந்தியா முழுவதற்கும் கணக்குப் போட்டது. அங்கே ஆண்டெனா வழி ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டும்தான். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 15 அலைவரிசைகளில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் 12 அலைவரிசைகளாவது காலி என்று கண்டார்கள். தமிழ்நாட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் 2013 அக்டோபரில் 7.2 ரிக்டர் நிலநடுக்கம் வந்தபோது, அங்கே சோதனையில் இருந்த இதே வகைக் கருவிகள் அவசரத் தொடர்புக்குக் கைகொடுத்தன. வெள்ளத்தில் கம்பமும் கேபிளும் போய்விடும் கோத்தா திங்கி, சிகாமட் மக்களுக்கு இதன் அருமை புரியும்.

பிறகு ஏன் எங்கும் வரவில்லை?

இவ்வளவு நல்லது என்றால் பெரியம்மா வீட்டுக் கூரையில் ஏன் இல்லை? தொழில்நுட்பம் தோற்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கணக்கு இடித்தது.

கருவி விலை குறைய வேண்டுமானால் கோடிக்கணக்கில் விற்க வேண்டும். வைஃபை சில்லு எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது, அதனால் மலிவு. தொலைக்காட்சி அலைக்கான சில்லை எந்தப் பெரிய கைப்பேசி நிறுவனமும் உள்ளே வைக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் காலி இடம் வேறு வேறு, விதி வேறு வேறு. மைக்ரோசாஃப்ட் 2017-ல் அமெரிக்கக் கிராமப்புறங்களுக்கு இணையம் கொடுக்க இந்த அலைகளை நம்பிப் பெரிய திட்டம் அறிவித்தபோதும் கருவி விலை பெரிய தடையாகவே நின்றது.

இன்னொரு காரணம் கொஞ்சம் அரசியல். காலி நிரை நல்ல மரமாக இருந்தால் தற்காலிகமாக வெட்ட விடுவதைவிட அதைப் பிரித்து விற்றுவிடுவதே மேல் என்று எல்லா அரசுகளும் நினைத்தன. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு நடந்தது அதுதான். நான் இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. 700-ல் ஓடும் 5ஜி தோட்டத்துக்குள் நன்றாக நுழையும், கோபுரம் பக்கத்தில் வந்தால். கோபுரம் வைப்பவருக்கோ ஆள் கணக்கு முக்கியம். ஐம்பது வீட்டு லயத்துக்கும் ஐயாயிரம் வீட்டுத் தாமானுக்கும் கோபுரச் செலவு பெரிதாக மாறாது. தோட்ட நிலம் தனியார் நிலம் என்பதால் கம்பம் நடுவதற்கும் கேபிள் இழுப்பதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அலை காலியாக இருந்தாலும் வாசற்கதவு சாத்தியிருக்கிறது.

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் துணைக்கோள் சேவைக்கு நம் நாட்டில் உரிமம் கிடைத்தது. வானம் தெரியும் எந்த லயத்திலும் வேலை செய்யும். மாதக் கட்டணத்தை ஒரு வீடு தனியாகச் சுமப்பது சிரமம். நான்கு வீடு சேர்ந்து போடலாமே என்று எங்கள் தோட்டத்தில் பேச்சு அடிபடுகிறது.

அதற்குள் அமெரிக்கா வேறொரு பட்டையில் அதே யோசனையை வெற்றியாக்கிவிட்டது. 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ராடார்களுக்கு உரியது. கப்பல் கரைக்கு அருகில் வந்தால் கடலோரத்தில் வைத்த உணரிகள் அதைக் கண்டுபிடிக்கும், கணினிப் பட்டியல் மற்றவர்களை விலக்கிவிடும். கப்பல் போனதும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் பண்ணைகளும் அங்கே சொந்தமாகச் சிறு கைப்பேசி வலையமைப்பு நடத்திக்கொள்ளலாம். 2020-லிருந்து முழு அளவில் இயங்குகிறது. ஒரு பண்ணை தன் சொந்தக் கோபுரத்தை வைத்துக்கொள்ள முடியும் என்ற இடம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. செம்பனைக் குலைக் கணக்கையும் லாரி வண்டியையும் கணினியில் பார்க்க விரும்பும் தோட்ட நிர்வாகம் ஒன்று அப்படி வலையமைப்பு போட்டால், லயத்துக்கும் அதில் ஒரு நிரை கேட்கலாம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

முதலில், ஆன்லைனில் மலிவாக விற்கும் கைப்பேசி சிக்னல் ரிப்பீட்டரை வாங்கிக் கூரையில் மாட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத ரிப்பீட்டர் நல்ல அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பும். உங்கள் வீட்டில் நான்கு கோடு தெரியும், வட்டாரத்தில் மற்ற எல்லாருக்கும் லைன் அறுந்து அறுந்து வரும். சட்டப்படியும் குற்றம், எம்சிஎம்சி அதிகாரிகள் தேடி வந்து கழற்றுகிறார்கள். கேட்காமல், பட்டியலைப் பார்க்காமல் கத்தும் கருவி அது. இந்தக் கட்டுரையில் சொன்ன கருவிகளுக்கு நேர் எதிர்.

4ஜி கைப்பேசி வைத்திருப்பவர்கள் அமைப்பில் வோல்ட்இ என்பது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் கைப்பேசி 2ஜிக்கு இறங்கி ஏறும், இணையம் நடுவில் அறும். தாமான் தொடர்வீடுகளில் இருப்பவர்களின் சிக்கல் வேறு. இருபது வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று நெரிக்கும். அங்கே 1, 6, 11 என்ற மூன்று அலைவரிசைகள் மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. ரௌட்டரில் அலைவரிசைத் தேர்வைத் தானியங்கியாக விடுங்கள், முடிந்தால் பக்கத்து அறைக் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

லைன் சரியில்லை என்றால் நிறுவனத்திடம் முதலில் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் எம்சிஎம்சியின் புகார்த் தளத்தில் அந்த எண்ணோடு பதியுங்கள். தோட்டத்தின் பெயர், லயத்தின் இடம், எந்த நேரத்தில் எத்தனை கோடு தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். பத்து வீடு தனித்தனியாகப் புகார் கொடுத்தால் வரைபடத்தில் பத்துப் புள்ளி விழும்.

பெரியம்மா வீட்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். வீடு வீடாக நானும் பெரியப்பா மகனும் போய், கைப்பேசித் திரையைப் படம் பிடித்து, பதினாலு புகார் போட்டோம். அளக்க ஆள் வந்து போனார்கள். கோபுரம் இன்னும் வரவில்லை. பேரப்பிள்ளை மாலை ஐந்து மணிக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் படிக்குப் போகிறான். அங்கே மூன்று கோடு இருக்கிறது.